எமதர்மனுக்கு முகம் கொடுத்தவன் பேசுகிறேன்

எங்கள் அரசு மருத்துவமனையை ஒன்பது ஆண்டுகளாக அதட்டியே ஆண்டுவருபவரும், இன்று இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருப்பவருமான டாக்டர் கிரிஜா தேவி அவர்களே! கோனபாட்டிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் கோயில் குழுவின் கோமான்களே! கல்தூசி படிந்த கைகளைக் கழுவாமலே கைதட்டக் காத்திருக்கும் நம் ராவிமெட்டச் சிற்பிகளே! காய்ச்சலைக் கண்டு கலங்காத, கம்பவுண்டரைக் கண்டு மட்டும் முறைக்கும் செவிலியர் குலமே! குழந்தைகளை மடியிலும் குடும்பங்களைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! பேச்சு தொடங்கும் முன்பே சாப்பாட்டுப் பந்தலின் பக்கம் சாய்ந்து நிற்கும் கடைசி வரிசைப் பெரியோர்களே! எல்லாருக்கும் மேலாக, கல்லிலே கண் திறந்தவரும், உளியிலே உயிர் வைத்தவரும், இந்த விழாவின் நாயகியுமான சிற்பி வரூதினி அவர்களே! உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

நான் மத்திலேட்டி. தொழிலால் கம்பவுண்டர். ஆசையால் நாடக நடிகன். இருபத்திரண்டு ஆண்டுகள் நம் ஊரில் செய்யுள் பாடி நடிக்கும் பத்திய நாடகங்களில் வாயிற்காவலன் வேடம் போட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் மேடையில் எனக்குக் கிடைத்த வசனம் ஒன்றே ஒன்று. "மகாராஜா, யாரோ வந்திருக்கிறார்கள்." அவ்வளவுதான்! அத்தனை ஆண்டுகளும் அடக்கிவைத்த அத்தனையும் இன்று அருவியாக வரும். பொறுத்தருள வேண்டும்.

என்ன? பின்னாலிருந்து என்ன சொல்கிறீர்கள்? "சீக்கிரம் முடி" என்கிறாரா? ஐயா, அடுத்த வாரம் உங்களுக்கு ஊசி போடும் முறை இருக்கிறது. யோசித்துப் பேசுங்கள்.

அன்பர்களே! முப்பது ஆண்டுகளுக்கு முன்னால், பேருந்து நிலையத்துக்கு ஒரு அனுமார் சிலை வேண்டும் என்று ஊர் தீர்மானித்தது. வரூதினி முன்வந்தார். ஊர் என்ன சொன்னது? "பிரம்மச்சாரி சாமியைப் பொம்பளை செதுக்கலாமா?" என்றது. அவர் உளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அனுமாரைப் பெத்தது யாருங்க? ஆம்பளையா?"

ஊர் வாயை மூடியது, அனுமார் எழுந்தார். இன்றும் அவர் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு, பேருந்து தாமதம் என்று திட்ட வந்தவன்கூடத் திட்டாமல் திரும்புகிறான்!

பிறகு ஓர் அரிசி ஆலை அதிபர் வந்தார். வெங்கடேசுவரர் சிலைக்குத் தன் அப்பாவின் முகத்தை வைக்கச் சொன்னார். வரூதினி பொறுமையாகக் கேட்டார். "வெச்சுடலாம். ஆனா உங்க அப்பாவுக்காக இதுவரைக்கும் எத்தனை பேரு மொட்டை போட்டிருக்காங்க?" அதிபர் தன் தலையைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

நரசிம்மர் கதை தெரியுமா உங்களுக்கு? மலையடிவாரக் கோயிலுக்கு வரூதினி செதுக்கிய நரசிம்மரின் கண்களில் அப்படி ஒரு கனல்! அர்ச்சகர் நேருக்கு நேர் நிற்க அஞ்சி, முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையிலே ஒரு கண்ணாடியைப் பிடித்து, அதில் சாமியைப் பார்த்தபடியே பின்பக்கமாகத் தீபம் காட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை கணக்குத் தவறி, தன் குடுமிக்கே ஆரத்தி காட்டிவிட்டார். நான்தான் களிம்பு தடவினேன்.

கோபத்தைக் கல்லில் கொண்டுவந்த கை! கம்பீரத்தைக் கல்லில் கொண்டுவந்த கை! அந்தக் கையே ஒருமுறை தடுமாறியது. எங்கே தடுமாறியது? எதற்காகத் தடுமாறியது? அதைச் சொல்லத்தான் இந்த வாயிற்காவலன் வந்திருக்கிறேன்.

கோனபாட்டுக் கோயில் குழுத் தலைவர் நாகிரெட்டி ஒருநாள் வரூதினியின் பட்டறைக்கு வந்தார். குந்து ஆற்றங்கரையில் எமதர்மனுக்கு ஒரு சன்னிதி கட்டுகிறோம், எருமைமேல் அமர்ந்த எமன் வேண்டும் என்றார். வரூதினி ஒப்புக்கொண்டார். எருமை வந்தது, கை வந்தது, கயிறு வந்தது, கிரீடம் வந்தது. முகம் வரவில்லை! மூன்று மாதம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கல். பட்டறைக்கு வந்தவர்களெல்லாம் முகமில்லாத எமனைப் பார்த்து, "இது இன்னும் பயமா இருக்கே, இப்படியே விட்டுடுங்க" என்று சொல்லிப் போனார்கள்.

அந்தச் சமயத்தில் கல்சில்லு தெறித்துக் கை கிழிந்து, ஊசி போட்டுக்கொள்ள எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். நான் வழக்கம்போல் சொன்னேன்.

"லேசாத்தான் சுருக்குங்கும்மா. அந்தப் பக்கம் பாருங்க."

எல்லாரும் அந்தப் பக்கம் பார்ப்பார்கள். இவர் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"அண்ணா, ஊசி எனக்குத்தானே? உங்களுக்கு ஏன் வலிக்குது?"

"தெரியலம்மா. இருபத்தெட்டு வருஷமா இப்படித்தான்."

"ஞாயித்துக்கிழமை வேலை இருக்கா?"

"எதுக்கும்மா?"

"ஒரு சாமிக்கு மூஞ்சி வேணும்."

ஆகா! என் நெஞ்சு விம்மியது, நெற்றி நிமிர்ந்தது. ராமரா? கண்ணனா? சீனிவாசப் பெருமாளா? கேட்டேன். "சொன்னா வரமாட்டீங்க" என்றார். சொன்னார். ஆனாலும் போனேன். இருபத்திரண்டு ஆண்டு வாயிலில் நின்றவனுக்கு வாகனத்தோடு ஒரு வேடம் வந்தால் விடுவானா?

வீட்டில்தான் விபரீதம். என் மனைவி சுபத்ரா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"எமனா? ஊர்ல வேற சாமியே மிச்சமில்லையா? தாலி பாக்கியத்துக்கு நான் இனிமே யார்கிட்ட வேண்டிக்கிறது? உங்ககிட்டயா?"

 இன்றுவரை அதே கேள்விதான். அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முறைக்கிறாள், பாருங்கள்.

பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் போய் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு எருமையும் மாதிரிக்கு வந்தது. நான் கொசு கடித்தால் நெளிவேன், மூக்கு அரித்தால் சொறிவேன். எருமை அசையவே இல்லை. ஒருநாள் வரூதினி பொறுக்க முடியாமல் சொன்னார்: "அண்ணா, அதைப் பார்த்துக் கத்துக்கோங்க. எவ்வளவு பொறுப்பா உட்கார்ந்திருக்கு!" அன்றிலிருந்து அந்த எருமை என்னைப் பார்க்கும் பார்வையே வேறு.

சிலை முடிந்தது. கருங்கல்லில் ஆறடி. பார்த்தேன். என் மூக்கு, என் மீசை, என் தொப்பை. ஆனால் அந்தக் கண்கள்! வேண்டாத ஒரு வேலையைச் செய்ய வந்து, வாசலில் நின்று, கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று தவிக்கிறவனின் கண்கள்.

இனி, எமனைக் கோனபாட்டுக்கு அனுப்ப வேண்டும். எந்த லாரி ஓட்டுநர் எமனை ஏற்றுவார்? ஒருவர் சொன்னார்: "அக்கா, எமனைப் பின்னாடி வெச்சுக்கிட்டு என்னால ஓட்ட முடியாது. அவரு முன்னாடி போகட்டும், நான் பின்னாடியே வரேன்." ஆறு பேர் மறுத்தார்கள். ஏழாவதாகச் சுங்கன்னா ஒப்புக்கொண்டார். "என் வண்டி பிரேக்குக்கு அவரு கூடவே இருக்கிறது நல்லதுதான்" என்றார். ஒரே ஒரு நிபந்தனை: கண்ணில் படாமல் தலையோடு காலாக மூட வேண்டும். மூடினோம். கையில் கிடைத்தது வெள்ளைத் துணி.

விளைவு என்ன? லாரி போன தெருவெல்லாம் ஆண்கள் எழுந்து நின்றார்கள். கடைக்காரர்கள் கதவைப் பாதி இறக்கினார்கள். ஒருவர் ஓடிவந்து சுங்கன்னாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாருப்பா? உட்கார்ந்தபடியே போயிட்டாரா?"

வெறுத்துப்போன சுங்கன்னா, துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். ஊர் எல்லைக்குக்கூடப் போகவில்லை. அச்சு முறிந்தது. எங்கே முறிந்தது? உலகத்தில் வேறு இடமா இல்லை? எங்கள் அரசு மருத்துவமனை வாசலில்! கிரேன் வந்தது. எமனை இறக்கி, வாசலின் வலப்பக்கம், புற நோயாளிகள் வரிசையைப் பார்த்தபடி வைத்தது. லாரியைப் பழுது பார்க்கும் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். மாற்று அச்சு வர ஆறு நாள் ஆகும் என்றார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. அம்மம்மா! அந்தத் திங்கட்கிழமையை எப்படிச் சொல்வேன்! வரிசையில் நிற்க வந்தவர்கள் வந்த வேகத்தில் திரும்பினார்கள். நாற்பத்தெட்டுக் கட்டில்களில் இருபத்தொன்பது மதியத்துக்குள் காலி. மூன்று வாரமாகப் புரள முடியாமல் கிடந்த முதுகுவலிக்காரர் முள்வேலியைத் தாண்டினார். கால்கட்டுப் போட்டவர் கட்டோடு ஓடினார், அவரைப் பார்க்க வந்த மைத்துனர் அவருக்கு முன்னால் ஓடினார். மருத்துவம் செய்யாததை மறலி செய்துவிட்டான்!

நம் தலைவர், அதாவது டாக்டர் அம்மா, என்னைக் கூப்பிட்டார்.

"மத்திலேட்டி, வெளியே உட்கார்ந்திருக்கிறது யாரு?"

"எமதர்மராஜா, மேடம்."

"உள்ளே நிக்கிறது?"

"நான்தான், மேடம்."

"ரெண்டும் ஒரே மூஞ்சியா இருக்கே, ஏன்?"

"அவரு என்னை மாதிரி இருக்காரு, மேடம்."

"சனிக்கிழமைக்குள்ள ஒண்ணு அவரு போகணும், இல்லே நீ போகணும். மலைமேல ஒரு ஆஸ்பத்திரில கம்பவுண்டர் இல்லேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியோடு வார்டுக்குள் போனால், லட்சுமக்கா என்றொரு அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார்.

"சாமி, இப்பத்தானே வெளியே உட்கார்ந்திருந்தீங்க? எப்ப உள்ளே வந்தீங்க?"

"அம்மா, நான் சத்து ஊசி போட வந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பேத்தி கல்யாணம் தை மாசம். அது வரைக்கும் விட்டுடு சாமி. நானே தகவல் சொல்லி அனுப்புறேன்."

ஓடாமல் மிஞ்சியவர்கள் பேரம் பேசத் தொடங்கினார்கள். நீதிமன்ற வாசலில் மனு எழுதும் ஒருவர், தன் அண்ணனுக்காக ஒரு மனு எழுதி எருமையின் கொம்பில் கட்டினார். "மேற்படி நபருக்கு ஆறு மாத காலம் வாய்தா வழங்கி உத்தரவிட வேண்டுகிறேன்." அவ்வளவுதான்! புதன்கிழமைக்குள் எருமையின் இரண்டு கொம்பிலும் மனுக்கள், வாலிலும் மனுக்கள். ஒரே ஒரு மனு மட்டும், "என் மாமியாருக்கு வாய்தா தேவையில்லை" என்று இருந்தது. கையெழுத்து இல்லை. ஆனால் இந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் இப்போது தலையைக் குனிந்ததைக் கவனித்தேன்.

இதெல்லாம் வேடிக்கை. வரூதினிக்கு வேதனை. லட்சுமி சிலை கேட்ட கோயில், "எமனைச் செஞ்ச கை எங்களுக்கு வேண்டாம்" என்றது. ராமர் சிலை கேட்ட ஊரும் அதையே சொன்னது. முப்பது ஆண்டுகள் தெய்வம் செய்த கை! முன்னூறு கோயில்களில் விளக்கேற்றிய கை! ஒரே வாரத்தில் தீட்டுப்பட்ட கையாகிவிட்டது. பட்டறையில் உளிச்சத்தம் நின்றது. போய்ப் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாலதானேம்மா?" என்றேன். "இல்லேண்ணா, எருமையாலே" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை நாகிரெட்டி தன் குழுவோடு மருத்துவமனை வாசலுக்கே வந்தார், வரூதினியையும் அங்கே வரவழைத்தார். சிலையை முதன்முதலாகப் பார்த்தார். கொதித்தார்.

"என்னம்மா இது? எமன்னா பார்த்தவுடனே அடிவயிறு கலங்க வேண்டாம்? இவரு ஏதோ கல்யாண வீடுன்னு நினைச்சுத் தப்பான வீட்டுக்குள்ள வந்தவரு மாதிரி முழிக்கிறாரே! கண்ணை உருட்டும்மா. பல்லைக் காட்டும்மா. இல்லேன்னா கல்லை நீயே வெச்சுக்கோ!"

வரூதினி பையிலிருந்து உளியை எடுத்தார். எமனின் புருவத்தில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார். என் புருவம் துடித்தது. உங்களுக்குப் புரிகிறதா? அங்கே விழப்போகிற அடி இங்கே வலித்தது!

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

"ரெட்டிகாரு, பயமா ஒரு மூஞ்சி வேணும்னா எனக்குப் பத்து நாள் போதும். இந்த மூஞ்சிக்கு முப்பது வருஷம் ஆச்சு. என் கை வரமாட்டேங்குது. கல்லை நானே வெச்சுக்கிறேன்."

இரண்டு சிலை போன பிறகு, மூன்றாவதும் போகட்டும் என்று சொன்ன தைரியத்தைப் பார்த்தீர்களா! உளியை எடுக்கத் தெரிந்தவர் ஊருக்கு நூறு பேர். உளியைத் திரும்ப வைக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

நாகிரெட்டி கத்தினார். "எங்க ஊர் எமன் எப்படி இருக்கணும்னு நாங்க சொல்ல..." அதோடு நின்றார். நெஞ்சைப் பிடித்தார். எருமையின் காலடியிலேயே சாய்ந்தார்.

தள்ளுவண்டி கொண்டுவந்தோம். எங்கள் தள்ளுவண்டியின் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே, நேராகப் போகாது. சிலைக்கு எதிரே போய் முட்டி நின்றது. ரெட்டிகாரு அண்ணாந்து பார்த்தார். "ஐயோ, இவரா!" என்று கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்து, நான் ஊசியோடு குனிந்தேன். கண்ணைத் திறந்தார்.

"ஐயோ, மறுபடியும் இவரா!"

"ரெட்டிகாரு, நான் மத்திலேட்டி. லேசாத்தான் சுருக்குங்கும். கையைப் பிடிச்சுக்கோங்க."

பிடித்தார். டாக்டர் அம்மா ஒரு பக்கம் போராட, நான் ஒரு பக்கம் நிற்க, மூன்று மணி நேரம் அந்தக் கையை விடவே இல்லை. தேநீர் வந்தது, ஆறியது. மாலை வெயில் ஜன்னலுக்கு வந்தபோது மெல்லப் பேசினார்.

"கம்பவுண்டர், நீ ஏன் இன்னும் போகலை?"

"நீங்க கையை விடலையே, ரெட்டிகாரு."

"உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பயந்துட்டியா?"

"ஆமாங்க."

"என்னைவிடவா?"

"கொஞ்சம் கூடுதலாவே."

அவர் சிரித்தார். அந்த மார்பு வலியிலும் சிரித்தார். வரூதினியைக் கூப்பிடச் சொன்னார். கட்டிலோரம் வந்து நின்றவரிடம் சொன்னார்.

"அம்மா, அந்த மூஞ்சியைத் தொட்டுடாதே. நான் வாசல் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். கூட்டிட்டுப் போக வர்றவனுக்கே நம்ம மேல பாவமா இருக்குன்னு தெரிஞ்சா, அது போதும்மா. நடந்து போயிடலாம்."

பெரியோர்களே, தாய்மார்களே! கை தட்டுங்கள்! அந்த மனசுக்காகக் கை தட்டுங்கள்!

சனிக்கிழமை காலை சுங்கன்னாவின் லாரி புது அச்சோடு வந்தது. எமன் ஏறினான். மனுக்களைக் கழற்றக் கூடாது என்று வார்டே சண்டை போட்டதால், மனுக்களும் ஏறின. சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நோயாளிகள் வாசலுக்கு வந்தார்கள். வேலி தாண்டிய முதுகுவலிக்காரர்கூட வந்திருந்தார். லாரி உறுமியது. வழியனுப்ப வேண்டும். எல்லாரும் வாயைத் திறந்தார்கள். மூடினார்கள்.

ஏன்? நம் ஊரில் வழியனுப்பும்போது என்ன சொல்வோம்? "போயிட்டு வாங்க" என்போம். எமனைப் பார்த்து யார் சொல்வது, "போயிட்டு வாங்க" என்று? "போ" என்று மட்டும் சொன்னால் மரியாதை இல்லை. "வா" என்று சேர்த்தால் வந்துவிடுவான்! இருநூறு பேர், ஒரு சத்தம் இல்லை. டாக்டர் அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டார். சுங்கன்னா, "யாராவது ஏதாவது சொல்லுங்கய்யா, சகுனமா இருக்கும்" என்று கெஞ்சினார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பீரய்யா வந்தார். முப்பத்து மூன்று ஆண்டு பேருந்து நடத்துநர். நுரையீரல் இரண்டும் ஓய்ந்து, இனி வீடு திரும்ப மாட்டார் என்று அவருக்கே தெரிந்து, ஏழாம் கட்டிலில் இருந்தவர். அந்த வாரம் ஓடவும் செய்யாத, பேரமும் பேசாத ஒரே மனிதர் அவர். லாரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் குரல் கொடுத்தார்.

"ரைட், ரைட்! போயிட்டு வாங்க சாமி! அவசரமில்லே, மெதுவாவே வாங்க!"

வாசலே அதிர்ந்தது அன்பர்களே! அழுதவர் சிரித்தார், சிரித்தவர் அழுதார். லாரி நகர்ந்தது. லட்சுமி சிலை கேட்டவர்கள் திங்கட்கிழமை திரும்பி வந்தார்கள். ராமர் சிலை கேட்டவர்கள் வரவில்லை. வராவிட்டால் போகட்டும்!

சிற்பம் எதற்கு? கும்பிடுவதற்கு மட்டுமா? கற்பூரம் காட்டுவதற்கு மட்டுமா? நாம் யாரைப் பார்க்க அஞ்சுகிறோமோ, அவரை நம் எதிரே உட்கார வைத்து, "பேசு, பயப்படாதே" என்று நம் கையைப் பிடித்து அழைத்துப்போகிறவர் அல்லவா சிற்பி! நரசிம்மரைச் செதுக்கிய கையை நாடு வணங்கட்டும். அனுமாரைச் செதுக்கிய கையை ஊர் வணங்கட்டும். எமனின் புருவத்தில் உளியை வைத்து, இரக்கப்பட்டு, திரும்ப எடுத்த கையை நான் வணங்குகிறேன்!

ஐந்து மாதம் கழித்து ஒரு பிற்பகல். ஏழாம் கட்டிலுக்கு ஊசியோடு போனேன். பீரய்யா கண்ணைத் திறந்து பார்த்தார்.

"மெதுவாத்தான் வந்திருக்கீங்க."

"பீரய்யா, நான் மத்திலேட்டி."

"தெரியும்யா. உட்காரு."

உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அறையில் பயந்தவன் நான் ஒருவன்தான்.

தலைவர் மணியைப் பார்க்கிறார், முடிக்கிறேன். பேச வாய்ப்பளித்த விழாக் குழுவுக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மூன்றாவது வரிசையில் இப்போது கண்ணைத் துடைத்துக்கொள்ளும் சுபத்ராவுக்கும் என் நன்றி. விழா முடிந்ததும் யாரும் என்னிடம் மனு கொடுக்க வேண்டாம். ஊசி வேண்டுவோர் நாளைக் காலை எட்டு மணிக்கு வரலாம். வாழ்க வரூதினி! வளர்க அவர் கலை! அனைவருக்கும் என் வணக்கம்!